மிஸ்ஸியின் யுகுலேலே

1952ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விடியும்வரை பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. காற்று இல்லை. ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பனி முள்வேலியின் மூன்றாவது கம்பிவரை ஏறி நின்றது. வாசலில் வரிசையாக நின்றவர்களுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாததுபோல் இருந்தது.

நாற்பத்தொரு பேர். நான் எண்ணியிருந்தேன். வாசலுக்கு உள்ளே மேசை போட்டு, வெளியே போகிறவர்களின் பெயரைப் பட்டியலில் குறிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலை. அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக் கூடாது என்று, தோட்டத்து வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோவதைத் தடுத்திருந்தார்கள். மீறினால் சிறை.

வரிசையில் பதினேழாவதாக நின்றவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ். எல்லோரும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தோளில் சிவப்புக் கம்பளிப் பை, பைக்குள் யுகுலேலே. நான்கு தந்தி போட்ட, கைக்குழந்தை அளவே உள்ள கித்தார் அது. மாதம் ஒரு ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போவார். அவரோடு மலாக்காவில் நர்ஸ் வேலை படித்த தோழிகள் மூன்று பேர் அங்கே வருவார்கள்.

அன்று வாசலில் நின்ற மலாய்க் காவலர் புதியவர். யுகுலேலேயை வெளியே எடுத்துப் புரட்டினார். வட்டத் துளைக்குள் விரலை விட்டுத் தடவினார். எதையோ பிய்த்து இழுத்தார். கட்டை விரல் பருமனில் ஒரு வெள்ளைத் துணிப்பை வந்தது. துளை வாயில் அது சிக்கவும், சட்டைப்பையிலிருந்த கத்தியால் நெம்பினார். மரம் 'டிக்' என்று பிளந்தது. பையின் ஒரு முனையை அறுத்துக் கவிழ்த்ததும் அவருடைய உள்ளங்கையில் அரிசி விழுந்தது.

"இனி அப்பா?" என்றார். மலாயில், இது என்ன என்று கேட்கிறார்.

மிஸ்ஸி அரிசியைப் பார்த்தார். பிறகு பத்தொன்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான்.

"என்னுது லா. மரத்துக்கு மருந்து," என்று தமிழில் சொன்னார். அதையே மலாயில் மறுபடியும் சொன்னார்.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். யுகுலேலேயையும் ஏற்றினார்கள்.

அந்த அரிசி அவருடையது அல்ல. அதை அங்கே வைத்தவன் நான். அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் பட்டியலில் பதினேழாவது பெயருக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு, குறிப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. காலையில் நான்கு மாத்திரை, இரவில் மூன்று. மாடிப்படி பதின்மூன்று. மருமகள் என்னிடம் சில்லறை கொடுத்தால் நான் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து அலுத்துப்போவாள். அப்போதும் நான் இப்படித்தான். இருபத்துமூன்று வயதில் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி. எழுதுவதும் எண்ணுவதும் கிராணியின் வேலை என்பதால் என் குணத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மிஸ்ஸி ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

வறட்டு இருமல் என்று போய் நின்றேன். என் மார்பின்மேல் இடது கை நடுவிரலைப் படிய வைத்து, அதன்மேல் வலது கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினார்.

"நெஞ்சில ஒண்ணும் இல்ல கிராணி. வெறும் கவலைதான்."

"கவலைக்குச் சத்தம் இருக்கா மிஸ்ஸி?"

"இருக்கே. நெறைய சாமான் அடைச்ச பெட்டிய தட்டுனாப்ல இருக்கு. நீங்க என்னாத்த எண்ணிக்கிட்டே இருக்கீங்க?"

சுவரில் வரிசையாக இருந்த மருந்துப் புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு.

அவர் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். பப்பாளி வாங்கும் முன்னால் தட்டுவார். மண்ணெண்ணெய் பீப்பாயைத் தட்டி எத்தனை அங்குலம் இருக்கிறது என்று சொல்வார்; நான் குச்சி விட்டு அளந்து பார்த்திருக்கிறேன், அரை அங்குலத்துக்குமேல் தவறியது இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் அந்தக் கதவின் பலகையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார். "தட்டுனா சொல்லிடும்," என்பார். மனிதர்களுக்கும் மரத்துக்கும் அவருக்கு ஒரே சட்டம்.

எல்லாம் வேடிக்கையாக இருக்கவில்லை. ஒரு முறை வயதான கங்காணி ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். மிஸ்ஸி முதுகில் தட்டினார், கேட்டார், மறுபடி தட்டினார். கங்காணி சிரித்துக்கொண்டே, "என்னாம்மா, உள்ள ஆள் இருக்கா?" என்றார். மிஸ்ஸி விரலை எடுத்தார். பின்பக்கம் போய்க் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். கங்காணி ஒன்பதாவது நாள் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு மிஸ்ஸி கை கழுவும் சத்தம் கேட்டாலே நான் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அவருக்கு வயது முப்பது, முப்பத்தொன்று இருக்கலாம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. சாயங்காலம் ஊரடங்குச் சங்கு ஊதினதும் தோட்டம் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரேதான் என் அறை. ஒருநாள் வேலியைத் தாண்டிக் கேட்டார்.

"கிராணி, ஞாயித்துக்கெழம மலாக்கா போறேன். யுகுலேலே ஒண்ணு வாங்கணும். கூட வர்றீங்களா?"

"எனக்குப் பாட்டு தெரியாதே மிஸ்ஸி."

"பாட்டு நான் பாத்துக்கிறேன். எண்ணுறதுக்கு ஒரு ஆளு வேணும் லா."

மஸ்ஜித் தானாவில் பஸ் ஏறினோம். சுங்கை ஊடாங்கில் ஒரு தரம், கிளேபாங்குக்கு முன்னால் ஒரு தரம் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். கடலோரத்தில் போர்த்துக்கீசிய வம்சத்துக் கிழவர் ஒருவர் வீட்டிலேயே யுகுலேலே செய்து விற்றுக்கொண்டிருந்தார். வாசல் கொடியில், கருவாடு காய்வது போல், ஒன்பது யுகுலேலேகள் தொங்கின. கடற்காற்றில் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு லேசாக முனகின. அந்தச் சத்தம் இப்போதும் சில மத்தியான நேரங்களில் எனக்குக் கேட்கிறது. எழுந்து பார்த்தால் துணி காயும் கம்பிதான் ஆடிக்கொண்டிருக்கும்.

பளபளவென்று வார்னிஷ் பூசி, தென்னை மரமும் நிலாவும் வரைந்திருந்த ஒன்றைத்தான் நான் காட்டினேன். மிஸ்ஸி அதன் முதுகில் தட்டினார்.

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டு பாடுறாப்ல இருக்கு. வார்னிஷ் இம்புட்டு கனமா பூசுனா மரம் எப்படி அதிரும்?"

ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் கையில் தூக்கி எடை பார்த்தார். கனமானவை நான்கு திரும்பக் கொடிக்குப் போயின. பிறகு துப்பாக்கியால் குறி பார்ப்பதுபோல் கழுத்தை ஒரு கண்ணுக்கு நேரே பிடித்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். அதில் ஒன்று போயிற்று. கழுத்தில் குறுக்கே பதித்த பித்தளைப் பட்டைகளின் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார். ஒன்று கீறியது, அதுவும் போயிற்று. என்னிடம் ஒரு பத்துக் காசு வாங்கி, தந்திக்கும் கழுத்துக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். தந்தி ரொம்ப உயரத்தில் இருந்தால் அழுத்தும் விரல் நோகுமாம், ரொம்பத் தாழ்ந்தால் பட்டையில் உரசிக் கிரீச்சிடுமாம்.

"இப்ப உங்க வேல. பன்னண்டாவது பட்டை எதுன்னு எண்ணிச் சொல்லுங்க."

எண்ணிக் காட்டினேன். தந்தியைச் சும்மா மீட்டினார். பிறகு அந்தப் பன்னிரண்டாவது பட்டையில் அழுத்தி மீட்டினார். இரண்டும் ஒரே சுரமாக, ஒன்று மற்றதன் பிள்ளைபோல், மேலே கேட்க வேண்டுமாம். வார்னிஷ் போட்டதில் பிள்ளை யாரோ, தாய் யாரோ என்றிருந்தது. கடைசியில் எஞ்சியது வர்ணமே இல்லாத ஒன்று. பலாமரத்தில் செய்தது, மஞ்சள் நிறம், ஓரத்தில் ஒரு கறுத்த கணு.

மிஸ்ஸி அதன் வயிற்றில் தட்டினார். தலையைச் சாய்த்தார். அப்படியே நின்றார்.

கிழவர் பொறுமையிழந்து, அது குழந்தையா, நீ என்ன டாக்டரா என்று மலாயில் கேட்டார்.

"டாக்டர் இல்ல, மிஸ்ஸி," என்றார் இவர். "இது நல்லா மூச்சு விடுது."

கிழவர் முதன்முறையாகச் சிரித்தார். பதினெட்டு வெள்ளி சொன்னதைப் பதினாறாக்கினார். மிஸ்ஸி கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது, வாங்குவது சிறிய வேலை, வைத்துக்கொள்வதுதான் பெரிய வேலை என்று. பழைய ஆஸ்பத்திரிக் கம்பளியை வெட்டிப் பை தைத்தார். தோளில் மாட்ட, காயத்துக்குக் கட்டும் துணியை மூன்று புரியாகப் பின்னிக்கொண்டார். தந்தியை முறுக்கும் நான்கு மர ஆணிகளும் ஈரத்தில் வழுக்கித் தளர்ந்தன. தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து சுண்ணக்கட்டி ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன், அதைத் தேய்த்ததும் பிடித்துக்கொண்டன. குடலில் திரித்த தந்திகள் எங்கள் தோட்டத்து ஈரத்தைத் தாங்காமல் இருபத்திரண்டாவது நாளே பிசிறின. கிளேபாங்கில் மீன் பிடிக்கும் நைலான் நரம்பு விற்கும் கடையில் மூன்று பருமனில் மும்மூன்று அடி வாங்கி வந்து மாட்டினார். புது நரம்பு ஒரே நிலையில் நிற்காது. மாலையில் சுருதி சேர்த்தால் காலையில் இளகிக் கிடக்கும்.

"புது நோயாளி மாதிரிதான் கிராணி. தூங்கி எந்திரிச்சா பழைய கதையே சொல்லும். விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும்."

ஒன்பது நாள் கேட்டார். பத்தாவது நாள் சுருதி நின்றது.

சுருதி சேர்க்க அவரிடம் வேறு கருவி இல்லை. வார்டில் இருந்த எனாமல் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்து, ஓரம் உடைந்த ஒரு கிண்ணம் சரியான சுரம் கொடுக்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை மட்டும் யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் சங்கு ஊதி, வெளிச்சம் சாம்பலாகும் நேரத்தில் அந்தக் கிண்ணத்தின் 'டிங்' கேட்கும். பிறகு நான்கு தந்திகள் ஒவ்வொன்றாக அதனோடு வந்து சேரும். பிறகு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து வாசிப்பார். வாய்விட்டுப் பாடமாட்டார்; மூடிய உதட்டுக்குள் ஏதோ முனகுவார். மரவரிசைகளுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒலி வேலிவரை போய், முள்கம்பியைக் கடந்து, யாரும் போகக் கூடாத பக்கமும் போகும். வார்டில் பன்னிரண்டு கட்டில். இருமுகிறவர்கள் இருமலை நிறுத்திக்கொள்வார்கள். நான் என் அறை ஜன்னலில் நின்று, முதல்முறையாக எதையும் எண்ணாமல் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். எண்ணினேன். ஆறு படி. அவர் மூன்றாவதில் உட்கார்ந்திருந்தார்.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. யுகுலேலேயின் முதுகு ஈரம் குடித்து லேசாக உப்பியது. ஒட்டு விட்டுவிடும் என்று கவலைப்பட்டார் மிஸ்ஸி. வாசித்து முடித்ததும் மெல்லிய துணியால் தந்திகளையும் கழுத்தையும் துடைப்பார். தகரக் கூரைக்குக் கீழே வைக்கமாட்டார், வெளிச்சுவரில் மாட்டமாட்டார், வெயிலில் காய வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் திட்டுவார்: "ஈரமும் ஆகாது, காய்ச்சலும் ஆகாது. புள்ளத்தாச்சிய பாக்குறாப்ல பாக்கணும்." அப்படியும் ஒருநாள் தட்டிப் பார்த்துவிட்டு, "சளி புடிச்சிருச்சு," என்று முகம் வாடிப்போனார்.

அவருடைய அந்த முகம்தான் என்னைக் கெடுத்தது.

பெரிய கிராணி வீட்டில் உப்புப் புட்டிக்குள் நாலைந்து அரிசி மணி போட்டு வைத்திருப்பார்கள், உப்பு நீர்த்துப்போகாமல் இருக்க. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. உப்புக்குச் செய்வது மரத்துக்கு ஆகாதா என்று நினைத்தேன். என் வாரப் பங்கு அரிசியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தேன். அறுநூறு மணி. கைக்குட்டைத் துணியில் சிறிய பை தைத்து, வெள்ளை நூலால் ஒரே ஓட்டமாக வாயை மூடினேன். ஜனவரி 15, செவ்வாய்க்கிழமை, அவர் தொழிலாளர் லயத்துக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தபோது, ரப்பர் பால் நிறுக்கும் பாலாபீசிலிருந்து கொண்டு வந்த ஒரு சொட்டுப் பாலைத் தடவி, யுகுலேலேயின் உள்முதுகில் அதை ஒட்டி வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பார். அதற்கு என்னிடம் விடை இருந்தது, அதுதான் சங்கடம்.

அரிசி அரிசிதான், யுகுலேலேக்குள் இருந்தாலும் வேலியைத் தாண்டினால் குற்றம்தான் என்பது, வாசலில் உட்கார்ந்து அந்தச் சட்டத்துக்கே பட்டியல் எழுதிய எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணில் அது அரிசியாகவே இருக்கவில்லை. ஜனவரியில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை அவர் அதோடு வாசலைக் கடந்து போய் வந்தார். அந்த ஞாயிறு, ஐம்பத்து நான்காவது நாள், பிடிபட்டார்.

ஜீப் போனதும் பெரிய கிராணியிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"டேய், வாய மூடிக்கிட்டு இரு. வேல போச்சுன்னா உங்கம்மாவுக்கு யாரு பணம் அனுப்புவா?"

"மிஸ்ஸிய உள்ள போட்ருவாங்க அண்ணே."

"நர்ஸு லா. தொர பேசி எடுத்துருவாரு. நீ போனா ஒன்ன யாரு எடுப்பா?"

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அறைக்கு வந்தேன். சாயங்காலம் சங்கு ஊதியது. கிண்ணத்தின் சத்தத்துக்காகக் காது தானாகக் காத்திருந்தது. வரவில்லை. எதிரே ஆறு படிகளும் காலியாக இருந்தன. வார்டில் ஒருவர் இருமத் தொடங்கினார், பிறகு இன்னொருவர். நூற்றுப் பதினேழு இருமல்வரை எண்ணினேன்.

திங்கள்கிழமை முதல் பஸ். போலீஸ் நிலையத்தில் தமிழ் சார்ஜென்ட் ஒருவர் பீசாங் கோரேங், வாழைப்பழ பஜ்ஜி, தின்றுகொண்டிருந்தார். பக்கத்து மேசையில் இன்ஸ்பெக்டர், மலாய்க்காரர். மேசைமேல் யுகுலேலே, சிவப்புப் பை, ஒரு தட்டில் அரிசி, அறுபட்ட துணிப்பை. அந்த அரிசியை வைத்தவன் நான், மிஸ்ஸிக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன்.

சார்ஜென்ட் வாழைப்பழத்தை மென்று முடித்தார். "மிஸ்ஸி மேல ஆசையா?"

நான் சிவப்புப் பையைப் பார்த்தேன்.

"ஆசப்பட்டு பழிய தூக்கிக்க வர்ற ஆளு எத்தன பேர பாத்திருக்கேன். நீதான் வச்சேன்னு என்னா சாட்சி?"

"மொத்தம் அறுநூறு மணி இருக்கும் சார்."

"என்னா?"

"அறுநூறு. எண்ணித்தான் வச்சேன்."

"அரிசிய எண்ணுனியா? எதுக்கு?"

சார்ஜென்ட் இன்ஸ்பெக்டரிடம் மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எண்ணிப் பார் என்று கை காட்டினார். சார்ஜென்ட் விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, தட்டைச் செய்தித்தாளில் கவிழ்த்தார்.

அப்போதுதான் அரிசியைக் கிட்டத்தில் பார்த்தேன். நான் வைத்தது வெள்ளை அரிசி. தாளில் கிடந்தது பழுப்பாக, பொன்னிறமாக வறுபட்டிருந்தது.

துணிப்பையைப் பார்த்தேன். அறுபட்டது ஒரு முனைதான். மறுமுனையில் தையல் அப்படியே இருந்தது. வெள்ளை நூலைக் காணோம். கறுப்புப் பட்டு நூல், நான்கு தையல், ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிச்சுப் போட்டது. பால் மரம் வெட்டுகிறவர் ஒருவரின் காலில் கத்தி பட்டபோது மிஸ்ஸி போட்ட தையல்களை நான் பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறேன். அதே முடிச்சு.

"வெறும் அரிசியா வச்சியா, வறுத்து வச்சியா?" என்று சார்ஜென்ட் தலையைத் தூக்காமலே கேட்டார்.

உண்மையைச் சொன்னால் இடையில் ஒருவர் அதை எடுத்து, வறுத்து, திரும்ப வைத்திருக்கிறார் என்றாகும். ஒரு தொகையைக்கூட நான் அதுவரை மாற்றி எழுதியது இல்லை.

"வறுத்துத்தான் சார்," என்றேன்.

பென்சில் முனையால் பத்துப் பத்தாக ஒதுக்கினார். ஐம்பத்தொன்பது குவியல் வந்தது. மிச்சம் ஏழு.

"ஐந்நூத்து தொண்ணூத்தேழு. மூணு கொறையுது."

"குறையாது சார்."

"எண்ணிட்டேன் லா."

"இன்னொரு தடவ எண்ணிரலாம் சார். நான் வேணா எண்ணட்டுமா? ஏழாவது குவியல்ல பதினொண்ணு இருக்குறாப்ல தெரியுது. அப்படியே இருந்தாலும் ரெண்டு கொறையுதே..."

சார்ஜென்ட் பென்சிலைக் கீழே போட்டார். "போதும் சாமி! ஆள விடு." மொழி புரியாமலே இன்ஸ்பெக்டர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். ஜெயிலுக்குப் போகவிருக்கிறவன் மூன்று அரிசிக்காக முகம் வியர்த்து நிற்கிறான். இவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் மிஸ்ஸியை விட்டுவிட்டார்கள். என் கதை கோர்ட்டுக்குப் போய் அபராதத்தோடு முடிந்தது. வேலை போகவில்லை, தோட்டத்துத் துரைக்கு என்னைப்போல் எண்ணுகிற ஆள் வேறு கிடைக்கவில்லை. மிஸ்ஸியைத்தான் ஜொகூர் பக்கம் கம்பெனியின் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் போக வேண்டும் என்று.

யுகுலேலேயைப் போலீஸ் என்னிடம் திருப்பிக் கொடுத்தது. துளையின் ஓரம் கத்தியால் பிளந்திருந்தது. கடலோரத்துக் கிழவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே மெல்லிய மரத்துண்டு ஒன்றை ஒட்டிப் பிளவை இறுக்கினார். வரும் வழியில் கிளேபாங்கில் நரம்பு வாங்கினேன். மார்ச் 29, சனிக்கிழமை மாலை, மிஸ்ஸியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அறையில் ஒரு தகரப் பெட்டி மட்டும் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

அவர் அதை வாங்கித் தட்டினார். கேட்டார். "தேவல."

"மிஸ்ஸி, உங்களுக்குத் தெரியுமா? உள்ள அரிசி இருந்தது?"

"நீங்க வச்ச அன்னிக்கே தெரியும். தட்டுனேன், சொல்லிருச்சு."

"அப்புறம் ஏன் எடுத்துப் போடல?"

"எடுத்தேனே. வெறும் அரிசிய வச்சா பூச்சி புடிக்கும், கிராணி. வறுத்துல்ல வைக்கணும்." கொஞ்ச நேரம் தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அதோட, நல்லாத்தான் கேட்டுச்சு."

"வாசல்ல நான் ஒண்ணும் சொல்லாம..."

"மறுநாளு வந்தீங்கள்ல? போதும் லா." பிறகு சிரித்தார். "சார்ஜென்ட்டு சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. மூணு கொறையுதுன்னு சண்ட போட்டீங்களாமே?"

"குறையாது மிஸ்ஸி. நான் ரெண்டு தடவ எண்ணினேன்."

அவர் காயம் துழாவும் மெல்லிய இடுக்கியை எடுத்து, துளைக்குள் விட்டு, ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டினார். பையைப் பிய்த்தபோது துணி கிழிந்து அங்கேயே ஒட்டிக்கொண்ட மணிகள். ஒன்று. இரண்டு. மூன்று. என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க. கணக்கு சரி."

நான் தலை குனிந்து நின்றேன். அவர் இடது கை நடுவிரலை என் மார்பின்மேல் வைத்து, வலது கையால் இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் கீழே, இடது பக்கம் தட்டினார். வெளியே ஊரடங்குச் சங்கு ஊதி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டது என்று எப்போதும் சொல்லிவிடுகிறவர் அன்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் பட்டியலைத் திறந்தேன். வரிசையில் நான்காவது ஆள் மிஸ்ஸி. சிவப்புப் பையைத் திறந்து, துளைக்குள் விரல் விட்டுப் பார்த்து, போகலாம் என்றார்கள். பெயருக்கு எதிரே குறித்தேன். திரும்பி வரும் நேரம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

அவர் கொடுத்த மூன்று மணியையும் ஒரு மாத்திரை டப்பியில் வைத்திருக்கிறேன். வறுத்த அரிசியில் பூச்சி பிடிக்காது என்று அவர் சொன்னது உண்மை. நேற்றுத் திறந்து எண்ணினேன், மூன்று. அந்த மாதம் எனக்கு ஆன செலவு: அபராதம் நாற்பது வெள்ளி, பிளவை ஒட்டியதற்கு மூன்று வெள்ளி ஐம்பது காசு, நரம்பு நாற்பத்தைந்து காசு, பஸ்ஸுக்கு இரண்டு வெள்ளி பத்துக் காசு. ஆக மொத்தம் நாற்பத்தாறு வெள்ளி ஐந்து காசு.